காவல் நிற்கும் சேவல்

கின்னிக்கோழியைச் சத்தத்துக்காகத் திட்டாதவர்கள் குறைவு. முகம் தெரியாத ஆள் வந்தாலும், வரப்பில் பாம்பு ஊர்ந்தாலும் தோட்டமே அதிரக் கத்தும். அதே பறவை முட்டையிடும்போது வாயே திறக்காது. நாட்டுக்கோழி முட்டை இட்டதும் கூடையை விட்டு இறங்கிக் கொக்கரித்து வீட்டுக்கே சேதி சொல்லிவிடும். கின்னிப் பெட்டை சத்தமில்லாமல் புதருக்குள் நுழையும். இட்டு முடித்ததும் தலையைத் தாழ்த்தி நழுவி, வெகுதூரம் தள்ளி வந்த பிறகுதான் கூட்டத்தைத் தேடிக் குரல் கொடுக்கும். குரல் வந்த இடத்தைக் கிளறினால் சருகுதான் கிடைக்கும்.

அதனால் நான் பெட்டையின் பின்னால் போவதில்லை. சேவலைத்தான் பார்ப்பேன். பங்குனி வெயில் ஏறியதும் கூட்டம் ஜோடி ஜோடியாகப் பிரியத் தொடங்கும். மற்றவை மேய்ந்துகொண்டிருக்க, ஒரு சேவல் மட்டும் கழுத்தை நிமிர்த்தி ஒரே இடத்தில் சும்மா நின்றால், பக்கத்தில் எங்கோ அதன் ஜோடி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நேராக அங்கே நடந்து போகக் கூடாது. தண்ணீர் கட்டப் போகிறவன் மாதிரி மண்வெட்டியோடு தள்ளி நின்று, பெட்டை வெளியே வரும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கண்ணுக்கு மறைந்த பிறகு போய்ப் பார்க்கலாம்.

எது சேவல், எது பெட்டை என்று கேட்பவர்களுக்கு: உச்சிக்கொம்பும் தாடையில் தொங்கும் சதையும் சேவலுக்குப் பெரிதாக இருக்கும், ஆனால் இளம் பறவையில் இதை நம்ப முடியாது. குரல்தான் உறுதி. பெட்டை இரண்டு அசையாகக் கூப்பிடும். இரண்டாவது அசை மேலே ஏறும். சேவலுக்கு அந்த அழைப்பு வராது, ஒற்றை அசையையே அடுக்கிக்கொண்டு போகும். பயந்தால் பெட்டையும் ஒற்றை அசையில் கத்தும் என்பதால், அமைதியாக மேயும் நேரத்தில் காது கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இவற்றுக்குப் பிடித்த இடம் கிளுவை வேலியின் அடி. அதற்கு அடுத்து சோளத்தட்டுப் போரின் ஓரம், உதிர்ந்த தென்னமட்டைக் குவியல். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றுமிருக்காது. மண்ணை லேசாகக் குழித்து, கிடைத்த சருகோடு நிறுத்திக்கொள்ளும். மேலே மறைப்பு, ஓட ஒரு வழி, இரண்டும் இருந்தால் போதும். ஒரு பெட்டை பிடித்த இடத்தில் மற்றப் பெட்டைகளும் வந்து இடும். ஆகையால் ஒரே குழியில் முப்பது முட்டை கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. வேலிக்கு எந்தப் பக்கம் என்பதும் அவற்றுக்குக் கணக்கில்லை. "ஏனுங்க, உங்க கோழி எங்க வேலிக்குள்ள ஒரு கூடை முட்டை வெச்சிருக்குதுங்க, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா கூப்பிட்டால், பாதியை அவரிடமே கொடுத்துவிட்டு வருவதுதான் முறை.

முட்டை நாட்டுக்கோழி முட்டை அளவுதான், ஏறக்குறைய 40 கிராம். ஒரு முனை நன்றாகக் கூர்ந்திருக்கும். ஓடு கெட்டி. அந்தக் கெட்டியால் கூடையில் சுலபமாக உடையாது; அதே காரணத்தால் டார்ச் வெளிச்சத்தில் கருவைப் பார்ப்பதும் சிரமம். நாட்டுக்கோழி முட்டையில் ஒரு வாரத்தில் பளிச்சென்று தெரியும் நரம்பு இதில் மங்கலாகத்தான் தெரியும்.

எடுக்கும்போது எல்லாவற்றையும் வாரி எடுக்கக் கூடாது. நாலைந்தை விட்டுவைத்து, அவற்றில் பென்சிலால் கோடு போட்டுவிட்டால் அடுத்த நாள் புது முட்டை எது என்று குழப்பமிருக்காது. மனித வாடை பட்டால் கூட்டை விட்டுவிடும், கரண்டியால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூடு காலியாகிவிட்டது என்று தெரிந்தாலோ, நாம் அங்கே நிற்பதைக் கண்டுவிட்டாலோதான் அது இடம் மாறும். கையால் எடுங்கள், ஆனால் அது பார்க்காமல் எடுங்கள்.

பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல் பிற்பகலுக்குள் இட்டுவிடும். அதுவரை கொட்டகையில் அடைத்துவைத்தால் தேடும் வேலையே இல்லை. சுவரோரம் இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் அதன் பின்னால் போய் இடும். வெறுந்தரையாக விட்டால் நின்ற இடத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் பூச்சி, கறையான் பொறுக்கத்தானே இவற்றை வளர்க்கிறோம்? அரை நாள் அடைத்தால் அந்த வேலை கெடும். பொரிக்க முட்டை தேவைப்படும் வாரங்களில் மட்டும் நான் அடைப்பேன்.

கின்னிப் பெட்டையை அடைகாக்க விடலாமா? விடக் கூடாது என்பது என் கட்சி. நன்றாகத்தான் உட்காரும். ஆனால் கூட்டம் மரத்தில் அடையும் நேரத்தில் இது மட்டும் தரையில் தனியாகக் கிடக்கும். நாய்க்கும் காட்டுப்பூனைக்கும் அது போதும். தப்பிப் பிழைத்துப் பொரித்தாலும், விடிகாலையில் பனி நனைந்த புல்லுக்குள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போகும். நனைந்த குஞ்சு விறைத்துப்போகும். பின்தங்கிய குஞ்சுக்காகத் தாய் நிற்காது.

நாட்டுப் பெட்டைதான் இதற்குச் சரியான தாய். முன்பே குஞ்சு இறக்கிப் பழகிய, அடையில் கெட்டியாக உட்காரும் கோழியாகப் பார்த்துப் பதினைந்து முட்டை வரை வைக்கலாம். முட்டையைக் கழுவக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்துவிட வேண்டும். கின்னி முட்டை பொரிய 26 முதல் 28 நாள். கோழி முட்டைக்கு 21 நாள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், கோழிக்குஞ்சு முதலில் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும், மிச்சமெல்லாம் கூமுட்டை. கின்னி முட்டையை முதலில் வைத்து, ஆறேழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொரியும். அடைநாள் நீள்வதால் தாய் இளைக்கும். தினமும் ஒரு முறை இறக்கி, கம்பும் தண்ணீரும் காட்டி ஏற்றிவிட வேண்டும்.

பொரித்த முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்தை விட்டு வெளியே விடாதீர்கள். தரையில் சாக்கு விரியுங்கள். வழுக்கும் செய்தித்தாள் மேல் விட்டால் கால் அகன்றுபோகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் அதிலேயே விழுந்து சாகும். கோழிக்குஞ்சைவிட இவற்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். நொறுக்கிய அரிசி மட்டும் போட்டுத் தேற்ற முடியாது, கறையான் கிடைத்தால் நல்லது.

இஸ்ஸத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் காதம்பரி, சித்தாம்பரி, சுவேதாம்பரி என்று மூன்று ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. பண்ணையில் நல்ல தீவனத்தோடு வளர்த்தால் வருடத்துக்கு நூறு முட்டையை ஒட்டி இடக்கூடிய பறவை இது. புறக்கடையில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. இடுவதிலும் ஒரு பங்கு கீரிக்கும் காக்காய்க்கும் போகும். ஐப்பசி மழை பிடித்ததும் முட்டை நின்றுவிடும். அடைக்கு முட்டை கேட்டுக் கார்த்திகையில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. சித்திரையில் வாருங்கள், அடைக்கோழி ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு.