நன்மை வாங்காத மருமகள்

ஞாயிறு பூசை. எல்லாரும் நன்மை (நற்கருணை) வாங்க வரிசையில் நகர, நாகர்கோவில் பக்கத்து மருமகள் ஒருத்தி மட்டும் பெஞ்சிலேயே இருக்கிறாள். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. மடியில் மாமியாரின் கைப்பை.

ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் ஒருவர் கோயிலில் மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்ற வாக்கை ஒரு காலத்தில் இருவருமே கொடுக்க வேண்டியிருந்தது. 1970-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதைக் கத்தோலிக்கத் தரப்போடு நிறுத்தினார். மற்றவருக்குத் தெரிவித்தால் போதும். நல்ல தளர்வுதான், ஆனால் பெயர்சூட்டு விழா வரும்போது பெண் வீட்டு மாமாக்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது?

பௌர்ணமிக் கணக்கால் சில ஆண்டுகளில் புனித வாரத்திலேயே பங்குனி உத்திரமும் வந்துவிடும். அன்று அந்த வீட்டு அடுப்பில் ஒரு பக்கம் மாமியாரின் நோன்புக் கஞ்சி, மறுபக்கம் மருமகளின் சர்க்கரைப் பொங்கல்.

“நெய் போதுமா பாரு” என்கிறார் மாமியார், ருசி பார்க்காமலேயே.