மிச்சம் பிடித்த டிக்கெட்

மேஸ்திரி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு ரயில் டிக்கெட், சாப்பாட்டுச் செலவு, அவர் இல்லாத நாட்களில் பட்டறையில் தேங்கும் வேலை, இவ்வளவுதான் கூடுதலாக ஆகியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பணம் கொடுத்து மெஷின் வாங்கப் போவது நான், அவர் எதற்கு என்று தனியாகவே பெங்களூருக்கு வண்டி ஏறினேன். பட்டறை நடத்துகிறவர்கள் கணக்கில் கெட்டி என்பார்கள். என்னைப் பார்க்காதவர்கள் சொல்வது அது.

போனது இந்தியாவுட் கண்காட்சிக்கு. மரவேலை மெஷின், ப்ளைவுட், கீல், பசை, பிளேடு என்று இந்தத் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் அங்கே வந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, தும்கூர் சாலையில் இருக்கும் பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையத்தில் நடக்கும். நான் போனது 2024 பிப்ரவரி 22 முதல் 26 வரை நடந்தது. அப்போது மெட்ரோ நாகசந்திரா வரைதான். கண்காட்சி மையத்துப் பக்கம் இருக்கும் மாதாவரா வரை ரயில் ஓடத் தொடங்கியது அந்த வருடம் நவம்பரில். நாகசந்திராவில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி ஜெயித்தேன். அந்தப் பயணத்தில் நான் ஜெயித்த ஒரே பேரம் அதுதான்.

கோவையில் என் பட்டறை சின்னது. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், அவ்வப்போது டிவி யூனிட். லேமினேட் ஒட்டியே வரும் 18 மில்லிமீட்டர் ப்ரீலாம் பலகையை எட்டுக்கு நாலு அடி ஷீட்டாக வாங்கி, அறுத்து, வெட்டிய விளிம்பில் பிவிசி பட்டியைக் கையால் ஒட்டி, ஓரத்தை டிரிம்மரில் சீவிக் கொடுப்போம். கையால் ஒட்டிய பட்டி, சிங்க்குக்குக் கீழே தண்ணீர் படும் இடத்தில் சில மாதத்தில் வாய் பிளந்துவிடும். அப்புறம் இன்டீரியர் டிசைனர் ஃபோன் செய்வார். அந்த ஃபோனுக்குப் பயந்துதான் எட்ஜ் பேண்டிங் மெஷின் வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். முடிவு மட்டும்தான் இருந்தது. பட்டறையில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, மின் இணைப்பில் எவ்வளவு லோடு மிச்சம் இருக்கிறது, நாங்கள் விளிம்பு ஒட்டுவதிலேயே மிகச் சின்னத் துண்டு என்ன அளவு, இதில் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை.

உள்ளே நுழைந்ததும் கால் போன இடம் பெரிய கம்பெனிகளின் ஸ்டால்கள். ஜெர்மனியின் ஹோமாக், இத்தாலியின் பியெஸ்ஸே, எஸ்சிஎம். முழு ஷீட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் போட்ட வரைபடப்படி தானே அறுத்து, தானே துளை போட்டு, துண்டுகளைத் தள்ளிவிடும் மெஷின் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். என் பட்டறையை இடத்தோடு விற்றாலும் அதை வாங்க முடியாது. ஆனாலும் அதன் விலை, டெலிவரி, வாரண்டி எல்லாம் விசாரித்தேன், விசிட்டிங் கார்டு கொடுத்தேன், அவர்கள் கொடுத்த காபியும் குடித்தேன். அடுத்து டிராயர் சேனல்காரர்கள். மெத்தென்று மூடும் இழுப்பறையைத் திறந்து திறந்து மூடுவதில் என்ன சுகமோ, எனக்கு முன்னால் நின்றவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சாயங்காலம் விடுதிக்குத் திரும்பியபோது கையில் இரண்டு பை நிறைய கேட்லாக். கால் வீங்கியிருந்தது. எட்ஜ் பேண்டிங் மெஷின் ஒன்றைக்கூட நிதானமாகப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் அவசரம் வந்துவிட்டது. என் பட்ஜெட்டுக்கு ஒத்துவந்த ஒரு ஸ்டாலில் டெமோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பலகையைக் கொடுத்தால், 200 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேறிய பசை விளிம்பில் படுகிறது, பட்டி வந்து ஒட்டுகிறது, உருளைகள் அழுத்துகின்றன, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருப்பது வெட்டுப்படுகிறது, மேலும் கீழும் சீவப்பட்டு பாலிஷாகி மறுபக்கம் வருகிறது. வந்த துண்டைக் கையில் கொடுத்தார்கள். விரலால் தடவினேன். பலகை எங்கே முடிகிறது, பட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஸ்டாலில் இருந்த பையன் நல்லவன். "ப்ரீ மில்லிங் இருக்கிற மாடலும் இருக்கு சார், பார்க்கிறீங்களா?" என்று கேட்டான். பசை படுவதற்கு முன்னால் எதிரெதிராகச் சுழலும் இரண்டு கட்டர்கள் பலகையின் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிச் சமமாக்கும் பகுதி அது. விலை கணிசமாகக் கூடும். விலையை ஏற்றிவிடப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. "அதெல்லாம் வேண்டாம், இதுவே நல்லாத்தானே வருது" என்றேன். என்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பானோ, மேலே பேசவில்லை. கண்காட்சி முடிவதற்குள் புக் செய்தால் மட்டும் தள்ளுபடி என்றார்கள். அட்வான்ஸ் கட்டினேன். அந்தச் சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி, துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன்.

பட்டறையில் மேஸ்திரி அண்ணனிடம் அதைக் கொடுத்தபோது பாராட்டை எதிர்பார்த்தேன். அவர் என் அப்பா காலத்து ஆள். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். துண்டை வாங்கி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் தடவிய மாதிரி அவரும் விளிம்பைத் தடவினார். பிறகு அதைக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நம்ம பலகையப் போட்டுப் பாத்தீங்களா தம்பி?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. பலகை அறுக்கும் எங்கள் பேனல் சாவுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு வெட்டுத் துண்டை எடுத்துவந்தார். இரண்டையும் மேஜைமேல் அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஸ்டாலில் கொடுத்த துண்டின் ஓரம் நேர்கோடு. எங்கள் துண்டின் ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகச் சிதறல். லேமினேட் அரிசிநொய் அளவுக்குப் பெயர்ந்து பெயர்ந்து போயிருந்தது.

பிளேடின் பல் பலகைக்குள் மேலிருந்து இறங்கி அடிவழியாக வெளியேறும்போது கீழ்ப்பக்க லேமினேட்டைப் பிய்த்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் நல்ல மெஷின்களில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஸ்கோரிங் பிளேடு என்று சின்னதாக ஒன்று எதிர்த்திசையில் சுழன்று, அடியில் மெல்லிய கோடு ஒன்றைக் கீறிவைக்கும். எங்களிடம் இருந்தது உள்ளூரில் செய்த பழைய பேனல் சா. ஸ்கோரிங் கிடையாது. கண்காட்சியில் டெமோவுக்கு அடுக்கிவைத்திருந்த பலகைகளோ நல்ல மெஷினில் அறுத்து வந்தவை.

"அப்போ இத்தனை நாளா நாம கொடுத்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"நான் மெழுகு வச்சு அடைச்சிருவேனுங்க. கலர் பாத்துத்தான் வைக்கிறது. இல்லாட்டி டிரிம்மர்ல கொஞ்சம் இழுத்து விட்டாத் தெரியாதுங்க" என்றார். அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து ஒரு டப்பாவைக் காட்டினார். பழுப்பு, வெள்ளை, சாம்பல், தேக்கு நிறம் என்று மெழுகுக் கட்டைகள் வரிசையாக இருந்தன. வாங்கிய பில்லுக்கெல்லாம் நான்தான் பணம் கொடுத்திருக்கிறேன். பில்லில் மொத்தமாக 'சில்லறைச் சாமான்' என்று இருக்கும். என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பெங்களூரில் யாரோ ஒருவருடைய கோடி ரூபாய் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவன் நான். என் வீட்டுப் பின்கட்டில் ஒரு மெஷின் என்ன செய்கிறது, அது கெடுத்ததை ஒரு மனிதர் தினமும் எப்படிச் சரிசெய்கிறார் என்பது அந்தச் சாயங்காலம்தான் தெரிந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. "மெஷின் வரட்டுமுங்க, பாத்துக்கலாம்" என்று இரண்டு துண்டுகளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே ஃபோன் செய்து, கூடப் பணம் தருகிறேன், சிதறிய விளிம்பைச் சீவிவிடும் அந்த ப்ரீ மில்லிங் மாடலாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஸ்டாலில் வேண்டாம் என்று நிமிர்ந்து நின்று சொன்னவன் திரும்பப் போய்க் கேட்பதா என்ற வீம்பு. விட்டுவிட்டேன்.

மெஷின் வந்தது. லோடு போதவில்லை, கூட்டுவதற்கு விண்ணப்பித்தோம். காற்றுக்குக் கம்ப்ரசர், தூசிக்கு டஸ்ட் கலெக்டர். விலைப்பட்டியலில் இவை தனி, அதையும் நான் படித்திருக்கவில்லை. கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டு மெஷினுக்குள் போகாது என்று போட்டிருந்தது. இடைவெளியை அடைக்கும் எங்கள் ஃபில்லர் துண்டுகளில் பாதி அதற்குக் கீழே. அவை இன்றும் கையால்தான்.

இதெல்லாம் பணத்தோடு போனது. சிதறிய விளிம்பில் மெஷின் ஒட்டிய பட்டிதான் மானத்தை வாங்கியது. பட்டிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பசை நிரப்பாது. வெள்ளை ஷட்டரில் அந்தப் பள்ளங்களில் அழுக்கு சேர்ந்து, ஒரு கறுப்புக்கோடு ஓடியது. கையால் ஒட்டிய காலத்தில் மேஸ்திரி அண்ணன் ஒவ்வொரு துண்டாகப் பார்த்து அடைத்தார். இப்போது மெஷின் வேகத்துக்கு வந்து விழும் துண்டுகளுக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு வீட்டில் கிச்சன் ஷட்டர் முழுவதையும் கழற்றி எடுத்துவந்து புதிதாகச் செய்து மாட்டினோம். அந்த டிசைனரிடமிருந்து இப்போது ஃபோன் வருவதில்லை. முன்பு அவர் ஃபோனுக்குப் பயந்தேன் என்று சொன்னேனல்லவா.

கடைசியில் ஸ்கோரிங் பிளேடோடு ஸ்லைடிங் டேபிள் பேனல் சா ஒன்று வாங்கினேன். 1906-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் தொடங்கிய கம்பெனியின் பெயரால் அறியப்படும் வகை. நான் வாங்கியது அந்தக் கம்பெனியினுடையது அல்ல, அவ்வளவு வசதி இல்லை. அதைப் பார்க்க மேஸ்திரி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சப்பையில் எங்கள் ப்ரீலாம் துண்டுகள். விற்பவர் விலையைச் சொல்லத் தொடங்கும் முன்பே அவர் வெள்ளைப் பலகையை நீட்டி, இதை அறுத்துக் காட்டுங்க என்றார். கவிழ்த்துப் பார்த்தார். பிளேடைத் தீட்ட எவ்வளவு ஆகும், பெல்ட் அறுந்தால் கோவையில் கிடைக்குமா, ரிப்பேருக்கு எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், இவைதான் அவர் கேட்டவை. வாரண்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் கேட்டேன், சும்மா நிற்கிறோமே என்று.

இந்தியாவுட் இரட்டைப்படை ஆண்டுகளில் வரும். டெல்லிவுட்டும், வசதி உள்ளவர்கள் போகும் ஹானோவரின் லிக்னாவும் ஒற்றைப்படை ஆண்டுகளில். எதற்குப் போனாலும் உங்கள் பட்டறையில், உங்கள் மெஷினில் அறுத்த துண்டுகள் நான்கைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதை ஓட்டிக் காட்டத் தயங்குகிற ஸ்டாலில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். மேஸ்திரிக்கும் சேர்த்தே டிக்கெட் போடுங்கள்.