தொழில் வரி

வருமான வரியைப் பொறுத்தவரை இந்தியாவில் மாநிலம் மாறுவது ஒரு விஷயமே அல்ல. 2023 ஜூன் முடிய பெங்களூர் பீன்யாவில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் கணக்கு எழுதினேன். ஜூலையிலிருந்து திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில். பழைய சம்பளத்தை 12பி படிவத்தில் புது முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு படிவம் 16, ஒரே ரிட்டர்ன். கலிஃபோர்னியாவிலிருந்து டெக்ஸஸுக்கு நடுவருஷத்தில் குடிபோகிறவன் கலிஃபோர்னியாவுக்குத் தனியாக ஒன்று எழுத வேண்டும். நம் மாநிலங்களுக்கோ விவசாய வருமானம் தவிர வேறு வருமானத்தின் மேல் வரி போட அதிகாரம் கிடையாது.

கிடையாது என்பது ஏட்டளவில்தான். அரசியல் சட்டத்தின் 276வது ஷரத்து தொழில் வரியை மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டு, இது வருமானத்தைச் சார்ந்தது என்று சொல்லி இதைச் செல்லாததாக்க முடியாது என்கிறது. யாரும் குற்றம் சாட்டுமுன்பே வருகிற இந்த மறுப்பில் வாக்குமூலத்தின் சாயல் இருக்கிறது. 1950இல் வருஷத்துக்கு 250 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 1988இல் அறுபதாவது திருத்தம் 2,500 ஆக்கிற்று. (ஆங்கில வாசகத்தில் தொழிலுக்கு நான்கு சொற்கள்; ஒன்று 'காலிங்'. கவிதை எழுதுகிறவர்கள் அதில்தான் வருவார்கள். வருமானம் இல்லாததால் தப்பித்தோம்.)

சம்பளச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தேன். கர்நாடகத்தில் மாதக் கணக்கு: 200 வீதம் மூன்று மாதம், 600. தமிழ்நாட்டில் வாங்குவது உள்ளாட்சி, அரையாண்டுக் கணக்கு: 1,250, மறுபடி 1,250. மொத்தம் 3,100. வரம்பை மீறியதாகத் தோன்றும், மீறவில்லை. 2,500 என்பது ஒருவனுக்கு ஒரு மாநிலத்தில். மாநிலம் மாறியவன் சட்டத்தின் கண்ணில் இரண்டு பேர். ஈரோட்டிலிருந்து வந்தவன் அங்கே கட்டிய ரசீதைக் காட்டினால் அதே அரையாண்டுக்குத் திருப்பூரில் கட்ட வேண்டாம். அந்தச் சலுகை ஓசூர் எல்லையோடு முடிகிறது.

என் 600 ரூபாயைத் தள்ளிவிடலாம். உறுத்துவது வேறு. அந்த வருஷம் கர்நாடகத்தில் மாதச் சம்பளம் 25,000ஐத் தொடாதவனுக்குத் தொழில் வரி இல்லை. தமிழ்நாட்டில் விலக்கு அரையாண்டுக்கு 21,000 வரை; அதாவது மாதம் 3,500. நாளைக்கு 500 ரூபாய் பீஸ்ரேட் பார்க்கும் ஓவர்லாக் டைலர் நாற்பத்திரண்டே நாளில் அதை எட்டிவிடுகிறான். பீன்யாவில் அதே மெஷினில் அதே கழுத்துப்பட்டியை அடிக்கிறவன் ஒரு பைசா கட்டுவதில்லை. இங்கும் காண்ட்ராக்டில் வருகிறவனுக்குப் பெரும்பாலும் பிடித்தம் இல்லை, ஏனென்றால் சம்பளப் பட்டியலில் அவன் பெயரே இல்லை, பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் இல்லை. பெயர் ஏறினால் வரி, ஏறாவிட்டால் ஆளே இல்லை. பெயர்களை எழுதுவது நான்.

பட்டியலில் இருந்த ஒடிஸாக்காரர் ஒருவர், மார்ச் சீட்டில் பிடித்தத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டால் திருப்பித் தருவார்களா அண்ணா?"

"தர மாட்டார்கள்."

"ஊரிலும் இது உண்டா?"

உண்டு, வரம்பு வேறு என்றேன். எங்கேதான் இல்லை என்றார். உத்தரப் பிரதேசத்தில் இல்லை. அங்கே கம்பெனி இருக்கிறதா? நொய்டாவில் நிறைய. செல்போனை எடுத்து, நொய்டா என்று ஒடியாவில் குறித்துக்கொண்டார்.