கிண்டிக் காடும் விட்டுப்போன யோகமும்

கிண்டி என்ற பெயரைச் சொன்னவுடன் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு காட்சி தோன்றும். மாணவர்களுக்கு என்ஜினீயரிங் கல்லூரி, குழந்தைகளுக்கு மான்களும் பாம்புப் பண்ணையும், தொழிலாளிகளுக்குத் தொழிற்பேட்டை, பையில் இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு ஒரு காலத்தில் நடந்தே வீடு திரும்பியவர்களுக்குக் குதிரைப் பந்தய மைதானம். ஆனால் விடியற்காலையில் கிண்டி ரயிலடியில் இறங்கி, சர்தார் படேல் சாலை வழியாகக் கிழக்கே நடப்பவர்களுக்கு வேறொரு கிண்டி தென்படும். அது தேகப் பயிற்சிக் கிண்டி. காதை மூடிய குல்லாவுடன் விரைந்து நடக்கும் பெரியவர்களையும், சுருட்டிய பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு செல்லும் உத்தியோகஸ்தர்களையும் அங்கே காணலாம்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு பருவம் உண்டு. ஆங்கில வருஷப் பிறப்பன்று பெருகும். பொங்கல் கழிந்ததும் வற்றும். 2014-ல் ஐக்கிய நாடுகள் சபை செய்த தீர்மானத்தின்படி, 2015 முதல் ஜூன் 21-ந் தேதி சர்வதேச யோக தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று உற்சாகமாகப் பாய் விரிப்பவர்களில் எத்தனையோ பேர் ஆடி பிறப்பதற்குள் அதைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள்.

விட்டுவிடுவது மனித சுபாவம். கல்யாணம், பரீட்சை, ஊர்மாற்றம், காய்ச்சல் - காரணத்துக்கா பஞ்சம்? விட்டதை மறுபடி தொடுவதுதான் கஷ்டம். "இத்தனை நாள் செய்யாமல் இருந்துவிட்டு எந்த முகத்துடன் ஆசிரியரிடம் போவது?" என்ற வெட்கம் ஒரு பக்கம். "முன்பு செய்ததையெல்லாம் இன்றே செய்து காட்டுகிறேன் பார்!" என்ற வீறாப்பு மற்றொரு பக்கம். வெட்கம் ஆளைப் பாயின் அருகிலேயே வரவிடாது; வீறாப்போ வந்த முதல் நாளே இடுப்பைப் பிடிக்க வைத்துவிடும். இந்த இரண்டுக்கும் மருந்து கிண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைக்கிறது. அதைக் காட்டவே நேயர்களை அங்கே அழைத்துச் செல்கிறோம்.

முதலில் வருவது கவர்னர் மாளிகையும் அதை ஒட்டிய காடும். இந்தக் காடு 1978-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். பாரத தேசத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. முள்ளும் புதரும் கலந்த வறண்ட காடு. புள்ளிமானும் வெளிமானும் வாழும் காடு. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்துக்கு ஏற்ற ஆசனத்தைக் கூறும்போது, தர்ப்பையும் தோலும் வஸ்திரமும் விரிக்கச் சொல்கிறது. கிருஷ்ணாஜினம் என்று நம் முன்னோர் போற்றிய தோல் இந்த வெளிமானுடையதுதான்! நல்லவேளையாக, 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தோலை மானுக்கே சொந்தமாக்கிவிட்டது. நமக்கு ஒரு கோரைப்பாய் போதும்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னையைச் சூறையாடியபோது இந்தப் பகுதியில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. வேர் பிழைத்த மரம் மறு மழையில் துளிர்க்கும். ஆனால் புயலுக்கு முன்பு எட்டியிருந்த உச்சியில் அது துளிர்ப்பதில்லை. அடிமரத்தில், தரைக்கு அருகில், விரல் நீளக் கொழுந்தாகத்தான் தொடங்குகிறது. விட்டதைத் தொடங்குவோருக்கு இது முதல் பாடம்.

இன்னும் சற்றுத் தூரம் நடந்தால் காந்தி மண்டபம். 1956-ல் ராஜாஜி அவர்கள் திறந்து வைத்தது. இங்கே நிற்கும்போது 1943-ம் வருஷத்து உபவாசம் நினைவுக்கு வருகிறது. அந்த வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி, ஆகாகான் மாளிகைச் சிறையில் மகாத்மா இருபத்தொரு நாள் விரதம் தொடங்கினார். தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மார்ச் 3-ந் தேதி விரதம் முடிந்தபோது அவர் அருந்தியது கொஞ்சம் ஆரஞ்சுப் பழரசம். பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதல் நாளே வடை பாயசத்துடன் விருந்து வைப்பார் உண்டா? பயிற்சியின்றிக் கிடந்த தேகமும் அப்படிப்பட்டதே.

இதே கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2020 ஜூலை மாதம் கொரோனா ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. அந்நாளில் நகரத்துப் பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன. வருஷக்கணக்கான பழக்கம் பலருக்கு அப்போது அறுந்தது. நோய் கண்டு மீண்டவர்களில் சிலருக்கு மாடிப்படி ஏறுவதே பிரயாசையாக இருந்தது. அத்தகையவர்களுக்கு அப்பியாசம் பொழுதுபோக்கு அன்று. பழைய மூச்சைத் திரும்பப் பெறும் முயற்சி.

இடையில் நின்றுபோவதைப் பதஞ்சலி முனிவர் அறியாதவர் அல்லர். யோக சூத்திரத்தின் முதல் பாதத்திலேயே ஒன்பது இடையூறுகளை எண்ணிச் சொல்கிறார்: நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன்வழிச் செல்லுதல், மயக்க அறிவு, நிலையை எட்டாமை, எட்டிய நிலையில் நிற்காமை. கடைசி இடையூறைக் கவனியுங்கள். எட்டியவனும் நழுவுவான் என்பதைச் சாஸ்திரமே எதிர்பார்த்திருக்கிறது. அப்படியிருக்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஒன்றைப் பற்றிக்கொண்டு மீண்டும் பழகுவதே பரிகாரம் என்பது அவர் கூறும் வழி.

இந்த வழியில் நடந்து காட்டிய மகான் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். கிண்டியிலிருந்து சிறிது நேரப் பிரயாணத்தில் மந்தைவெளிப் பக்கத்தை அடையலாம். அங்கே கிருஷ்ணமாசாரிய யோக மந்திரம் இருக்கிறது. 1976-ல் தேசிகாசார் தம் தந்தையின் பெயரால் நிறுவியது. தந்தை திருமலை கிருஷ்ணமாசாரியார் 1888-ல் பிறந்தவர். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்தியவர். பி. கே. எஸ். அய்யங்காரும், பட்டாபி ஜோய்ஸும், அன்றைய ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த இந்திரா தேவியும் அவரிடம் பயின்றே உலகெங்கும் யோகத்தைப் பரப்பினார்கள். 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயது கடந்தவர் என்ன செய்தார்? பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு பிரபல வழக்கறிஞருக்குச் சிகிச்சை செய்யச் சென்னைக்கு வந்தார். இங்கேயே தங்கிப் புதிதாகத் தொடங்கினார்.

அதைவிடப் பெரிய சோதனை 96-ம் வயதில் வந்தது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சையை மறுத்துவிட்டு, படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் சபை நடுவே கடினமான ஆசனங்களைச் செய்து காட்டியவர், அந்தப் படுக்கைப் பயிற்சியைச் சிறுமையாக எண்ணவில்லை. 1989-ல், நூறு வயது நிறைந்த பிறகே காலமானார். அறுவைச் சிகிச்சையை மறுத்ததை எல்லோரும் பின்பற்ற வேண்டியதில்லை. எலும்பு முறிந்தால் வைத்தியர் சொல்வதைக் கேட்க வேண்டும். பின்பற்ற வேண்டியது, தேகம் அன்றிருந்த நிலைக்கு ஏற்றபடி பயிற்சியைக் குறைத்துக்கொண்ட அந்த விவேகத்தை.

அவருடைய சீடர் அய்யங்காரும் இதே பாடத்தைப் படித்தார். 1979-ல், அறுபது வயதில், சில மாதங்களுக்குள் இரண்டு ஸ்கூட்டர் விபத்துக்கள் நேர்ந்தன. தோளும் முதுகும் முழங்காலும் கெட்டன. உலகத்துக்கே ஆசிரியராக இருந்தவர் அரிச்சுவடி மாணவனைப் போல் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். இழந்ததைப் பெரும்பாலும் மீட்க ஏறக்குறையப் பத்து வருஷங்கள் ஆயின.

அவர்களுக்கே அப்படி என்றால், ஆறு மாதம் விட்டுவிட்ட நமக்கு ஆறு வாரப் பொறுமையாவது வேண்டாமா? முதல் வாரம் கால் மணி நேரம் போதும். நேராக நின்று, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை உயர்த்தி, விட்டுக்கொண்டே தாழ்த்துங்கள். பிறகு சிறிது நேரம் அமர்ந்து மூச்சைக் கவனியுங்கள். தசைகள் சீக்கிரம் வலுப்பெற்றுவிடும். தசைநாண்களும் மூட்டுக்களும் அத்தனை சீக்கிரம் இணங்கா. ஆகையால், "முடிகிறதே!" என்று தோன்றும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். சிரசாசனத்தை ஆசிரியர் கண் முன்னால், கடைசியாக வைத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களை வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. காய்ச்சல் விட்டவர்கள் பலம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரத்தைக் காட்டிலும் தினமும் கால் மணி நேரம் மேல்.

கடல் கடந்த தேசத்தவர்கள் மந்தைவெளியைத் தேடிக்கொண்டு வந்து, நம் ஊர்க் கலையைக் கற்றுச் செல்கிறார்கள். அதைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் பெருமை மட்டும் முதுகை நிமிர்த்தாது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் காலையில் பாய் விரித்தால், குழந்தைகள் சொல்லாமலே பக்கத்தில் வந்து உட்காருவார்கள். எத்தனை மாதம் விட்டுப்போயிற்று என்ற கணக்கை யாரும் கேட்கப் போவதில்லை. நாளைக் காலையில் பரணிலிருந்து அந்தப் பாயை இறக்கித் தூசி தட்டுங்கள்.