கொல்லைப்புறத்து ஷீட்டும் நான் நடத்திய பாடமும்

நீளமான பதிவு. பெல் அடித்த பிறகும் டீச்சர் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கொல்லையில் மாட்டுக்கொட்டகை இருந்தது பலருக்கு நினைவிருக்கும். மாடு போய்ப் பல வருடமாகிறது. மாமனார் காலத்தில் போட்ட 11 ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மட்டும் அப்படியே நின்றது. அதைப் பிரித்துவிட்டு ஒரு ரூமும் பாத்ரூமும் கட்டலாம் என்று முடிவாயிற்று. வேலைக்கு வந்தவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன், 1996 செட். பையன் என்கிறேன், அவனுக்கே காலேஜ் போகிற பெண் இருக்கிறாள். வந்தான், ஏணியில் ஏறிப் பார்த்தான், கிரைண்டர் ஒயரைச் செருகச் சொன்னான்.

"போல்ட்டெல்லாம் துரு ஏறிப் போச்சு டீச்சர். ஷீட்டோட சேத்து அறுத்துத் தள்ளிடறேன். ரெண்டு மணி நேரத்துல இடம் காலி."

"முதல்ல கீழ இறங்குடா" என்றேன். ரிட்டயர் ஆகி இத்தனை வருடம் கழித்து அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டார்.

நான் உங்களுக்கு நடத்திய பாடத்திலிருந்து தொடங்குகிறேன். "கல்நார் தீப்பற்றாது, வெப்பத்தை எளிதில் கடத்தாது" என்று போர்டில் எழுதிப் போட்டவள் நான்தான். முக்காலி மேல் வைக்கும் கம்பி வலையின் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்குமே, அது கல்நார். உங்களில் எத்தனை பேர் கையில் அதைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்திருப்பேன்! வட்டம் கருகிப் போனால் கத்தியால் சுரண்டிக்கூட இருக்கிறேன். போகிக்கு ஷீட் துண்டைத் தீயில் போட்டு, அது பட்டாசு மாதிரி வெடிப்பதை வேடிக்கை பார்த்த பிள்ளைகளை நான் அதட்டியது கண்ணில் தெறிக்கும் என்பதற்காகத்தான். தூசியைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எங்கள் ஆசிரியர் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை.

2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தை இந்தப் பக்கத்து ஆசிரியர் யாரும் மறக்க முடியாது. கீற்றுக் கூரை எரிந்து விழுந்து 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றைப் பிரிக்க உத்தரவு வந்தது. நான் வேலை பார்த்த பள்ளியில் அதற்குப் பதிலாக வந்தது இந்த ஷீட்தான். தீப்பிடிக்காத கூரை வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஃபேன் மாட்ட மேலே துளை போட்டார்கள். வெள்ளையாகக் கொட்டிய தூளைப் பிள்ளைகளை விட்டுத்தான் பெருக்கச் சொன்னேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. பின்னால் 2009இல், அரசுப் பள்ளிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படிப்படியாக ஓட்டுக் கூரையாக மாற்றும்படி கேரள மனித உரிமை ஆணையம் சொன்னது என்று படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தத் துடைப்பம்தான்.

விஷயம் இதுதான். சிமெண்டோடு கல்நார் இழையைக் கலந்து செய்வது இந்த ஷீட். இழை சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், பாசி போக இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்தால் வெளியே வரும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, இருமல்கூட உடனே வராது. நுரையீரலுக்குள் போனது கரைவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய் எல்லாம் பெரும்பாலும் 20, 30, 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். 1995இல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். இங்கிலாந்து 1999இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இல். நம் நாட்டில் சுரங்கத்தை நிறுத்திவிட்டு, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வாங்கி ஷீட் போட்டுக்கொண்டிருக்கிறோம். இது என்ன கணக்கோ!

இதையெல்லாம் திண்ணையில் உட்கார வைத்து அவனிடம் சொன்னேன். டீ ஆறிப் போயிற்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதினஞ்சு வயசுலேருந்து இதைத்தான் அறுக்கறேன் டீச்சர். எனக்கு வந்துருமா?" என்று கேட்டான்.

வராது என்று சொல்ல வாய் வரை வந்தது. பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "எவ்வளவு தூசி, எத்தனை வருஷம் உள்ள போச்சுங்கறதைப் பொறுத்தது. நிறையப் பேருக்கு வராமலும் போகும். ஆனா பீடியும் இந்தத் தூசியும் சேந்தா நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு ஏறும். பீடியை இன்னைக்கு விடு. நுரையீரல் டாக்டர்கிட்ட போனா, என்ன வேலை, எத்தனை வருஷம்னு நீயாவே சொல்லு, அவங்க கேக்கறவரைக்கும் காத்திருக்காதே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு பீடிக்கட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தான். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வேறு கட்டு வாங்கினானா என்று நான் கேட்கவில்லை.

வேலையை இரண்டு நாள் தள்ளிப் போட்டோம். மூக்கோடு இறுகப் பிடிக்கிற எஃப்எஃப்பி3 மாஸ்க்கை என் மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். துண்டு கட்டுவதும் துணி மாஸ்க்கும் இதற்கு உதவாது. அவனைத் தாடியையும் எடுக்கச் சொன்னேன், தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. வயலுக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கி, தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கொஞ்சம் கலந்து, ஷீட்டை மேலும் கீழும் நனைத்தோம். மெல்லிய தூறலாக அடிக்க வேண்டும், பம்பு செட் வேகத்தில் பீய்ச்சக் கூடாது. போல்ட்டுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டுத் திருகினான். அசையாததை போல்ட் கட்டரால் வெட்டினான். பழைய ஷீட் மேல் கால் வைக்கவே கூடாது, பொத்துக்கொண்டு ஆள் கீழே விழுந்துவிடுவார். அதனால் சாரம் கட்டி நின்று, ஒவ்வொன்றையும் இரண்டு பேராக முழுசாக இறக்கினார்கள். தூக்கிப் போட விடவில்லை. பேரப்பிள்ளைகளை அன்று சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தரையைத் துடைப்பத்தால் தொடவில்லை, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டுக் கட்டியாயிற்று. அவன் போட்டிருந்த உடுப்பையும் அப்படியே. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உன் பொண்டாட்டிய துவைக்கச் சொல்லாதே" என்றேன். கணவரின் வேலைத் துணியை உதறித் துவைத்ததால் நோய் வந்த பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இரண்டு மணி நேர வேலைக்கு ஒன்றரை நாள் ஆனது. என் கொழுந்தனார், "கொட்டகை பிரிக்கிறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா அண்ணி?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

ஷீட் போட்ட வீட்டில் இருக்கிற சொந்தங்கள் இதைப் படித்துவிட்டு இரவோடு இரவாக ஏறிப் பிரிக்க வேண்டாம். விரிசல் இல்லாமல் நன்றாக இருந்தால் அதன் வழிக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். ஆணி, ஹூக், ட்ரில் எதுவும் வேண்டாம். கல்நார் இல்லாத ஷீட்டும் இப்போது வருகிறது, ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆய்வுக்கூடத்தில்தான் உறுதியாகத் தெரியும். பழைய சாம்பல் நிற அலை ஷீட் என்றால் கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய மழைநீர்க் குழாய், அடுப்படிப் புகைக்குழாய், ஏ.சி. பைப் என்று நாம் சொல்லும் குடிநீர்க் குழாயிலும் அது உண்டு. உடைந்த துண்டை வாய்க்கால் கரையிலும் பாதைப் பள்ளத்திலும் கொட்டாதீர்கள். வண்டி ஏறி ஏறித் தூளாகும்.

எங்கள் 11 ஷீட்டும் கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, "கல்நார், உடைக்காதே" என்று எழுதி, கொல்லையில் செங்கல் மேல் அடுக்கி இருக்கிறது. எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "பின்னாடி குழி தோண்டிப் புதைச்சுடுங்கம்மா" என்றார்கள். அபாயக் கழிவுக்கென்று கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது, ஆனால் ஒரு வீட்டுக்காரி 11 ஷீட்டை லாரி பிடித்து அவ்வளவு தூரம் அனுப்புவதா? உங்களில் யாராவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை பார்த்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.

நேற்று ராத்திரி அவன் போன் செய்தான். ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் ஷீட் பிரிக்கும் வேலையாம். "தண்ணி அடிச்சு, கழட்டி இறக்கினா கூட ரெண்டு நாள் ஆகும்னு சொன்னேன் டீச்சர். கூலி தர மாட்டேங்கறார், வேற ஆளைப் பாத்துக்கறேங்கறார். நீங்க ஒரு வார்த்தை பேசறீங்களா?"

மண்டபத்துக்காரர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் பேச வேண்டும்.