பிள்ளை எவருடைய உடைமை?

கணவனும் மனைவியும் பிரிகின்றனர். பாத்திரம் பண்டம் பங்காகிறது, நகை திரும்புகிறது, வாடகை வீட்டு முன்பணத்துக்கும் கணக்குப் பார்க்கப்படுகிறது. பிள்ளையை என் செய்வது? "தகப்பன் இருக்கும் ஊரில்தான் பிள்ளை இருக்கவேண்டும்" என்று தீர்ப்பளித்துவிடுகிறார்கள் ஊர்ப் பெரியவர்கள், சட்டத்தையும் பாராமல், பிள்ளையின் முகத்தையும் பாராமல்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் நாம் பழகும் தொழிலாளர் குடும்பங்களிலே இந்தத் தீர்ப்பைப் பன்முறை கேட்டிருக்கிறோம். அண்மையில் தங்கை ஒருத்தி நம்மிடம் வந்தாள். தொழிற்சாலையிலே வேலை, ஏழு வயதில் ஒரு மகள், பிரிந்த கணவன் திருவள்ளூரில். ஓசூரில் கூடுதல் ஊதியத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே அவளுடைய தாயும் இருக்கிறாள். "சொன்னால் அவர் விடமாட்டார் அண்ணா. சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடியற்கால ரயிலில் போய்விடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை, அவளைப்போன்ற பலருக்காகவும் எழுதுகிறோம்.

இது புதிய சிக்கல் அன்று. அடையாறு பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணய்யா என்பார், தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் 1910இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் பொறுப்பிலே எழுதிக் கொடுத்தார். வரப்போகும் உலகாசானுக்குரிய உடல் கிருஷ்ணமூர்த்தி என்றனர் சபையார்! சிறுவர்கள் இங்கிலாந்து சென்றனர். மனம் மாறிய தந்தை, 1912இல் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார். திருவள்ளூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 1913இல் தந்தை வென்றார். 1914இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதைக் கவிழ்த்தது. பிள்ளைகள் வசிப்பது செங்கற்பட்டு மாவட்டத்தில் அன்று. ஆகவே அம்மன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. சிறுவர்களின் தரப்பு கேட்கப்படாததையும் குறையாகச் சுட்டியது.

அந்த வழக்கில் பேசப்பட்ட 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து மன்றமே விசாரிக்கவேண்டும் என்பது அதன் விதி. அந்த மகள் வளர்ந்தது இங்கே. இரவோடிரவாக அவளைக் கொண்டுசென்றால், எது வசிப்பிடம் என்பதே முதல் சண்டையாகும். இரண்டு ஊரில் இரண்டு வழக்கு, இரண்டு செலவு. மறைந்து சென்றவள் என்ற பழி வேறு!

சரி, தகப்பனுக்குத்தான் முதல் உரிமையா? 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம், காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் என்றது. ஐந்து முடிந்ததும் தந்தையிடம் ஒப்படை என்று எங்கும் கூறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனை வைத்தது. 1999இல், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 'பின்' என்றால் தந்தை இறந்த பின் என்றே பொருளன்று என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. 1973இலேயே, சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று கூறிவிட்டது அம்மன்றம்.

2010இல் வந்தது இன்னும் நெருங்கிய வழக்கு. மணவிலக்குப் பெற்ற தாய், மகனோடு ஆஸ்திரேலியா செல்ல அனுமதி கேட்டாள், தந்தை தடுத்தார். நீதிபதிகள் சிறுவனிடமே பேசினர். பிள்ளையா பணியா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாகாது என்று கூறி அனுமதித்தனர். தந்தை மகனைக் காணவும் வழி வகுக்கப்பட்டது. கடல் கடக்கவே வழியுண்டு எனில், ஓசூருக்கு இல்லையா?

ஆகவே சொன்னோம்: "ஓடாதே அம்மா, கேள். மன்ற உத்தரவு ஏற்கெனவே இருந்தால், அனுமதி பெற்ற பின்னரே புறப்படு. உத்தரவு இல்லையெனில், தொழிலுக்காக ஊர் மாறுவதே குற்றமாகிவிடாது. ஆயினும் எழுத்திலே தெரிவி. எந்தப் பள்ளி, எந்த வீடு, நீ வேலைக்குச் செல்லும் நேரத்தில் பார்ப்பவர் யார், தகப்பன் காணும் நாட்கள் எவை, விடுமுறை எவரிடம், வழிச்செலவு எவருடையது, அத்தனையும் எழுது. அவர் மறுத்தால் குடும்ப நீதிமன்றம். அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று அஞ்சாதே. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்ணுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலே மனுக் கொடு."

தந்தையரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. மகளைக் காணாது வாடும் தகப்பனும் உண்டு. தகப்பனைக் காணும் உரிமை அந்த மகளுக்கும் உண்டு. அதை மறுக்கும் தாய், பிள்ளையை உடைமையாக்கும் தந்தையின் தவற்றையே தானும் செய்கிறாள்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலும் இந்தப் பஞ்சாயத்து ஒருநாள் கூடும். அப்போது வாளாவிராதீர். "பிள்ளையைக் கேட்டீர்களா?" என்று எழுந்து கேளுங்கள். பிறகு, அந்தத் தாயை அழைத்துக்கொண்டு சட்ட உதவி மையத்தின் படியேறுங்கள்.