பூக்காம்பை நறுக்காத கைகள்

கோவையிலிருந்து வாளையார், பாலக்காடு வழியாகப் போய்க் குதிரான் சுரங்கப் பாதையைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் மண்ணுத்தி வந்துவிடும். திருச்சூருக்கு முந்தின ஊர். நெடுஞ்சாலையோரத்து நாற்றுப் பண்ணைகளை வைத்தே ஊரை அடையாளம் கண்டுகொள்ளலாம். 1971-இல் தொடங்கிய கேரள வேளாண் பல்கலைக்கழகமும் பக்கத்தில் வெள்ளானிக்கரையில்தான் இருக்கிறது. மா, பலா, சாதிக்காய்க் கன்றுகள் வாங்கத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நான் போனது ஹோயாவுக்காக.

ஹோயாவை இப்போது நம் ஊர் மாடித் தோட்டங்களிலும் பார்க்கலாம். கனத்த, வழுவழுப்பான இலை கொண்ட கொடி. பூத்தால் மெழுகில் வார்த்தது போன்ற சின்னஞ்சிறு நட்சத்திரங்கள் பந்து பந்தாகத் தொங்கும். பலர் வாங்கிப் பல வருஷமாகியும் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்ததில்லை. உரத்தை மாற்றுகிறார்கள், தொட்டியைப் பெரிதாக்குகிறார்கள், கடைசியில் செடியின் மேல் பழி போடுகிறார்கள். இதே செடியை நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கிறவர்கள் இதை எப்படிப் பூக்கவைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

நான் பார்த்த பண்ணை பெரிய சாலையில் இல்லை. உள்ளே ஒரு சந்தில், வீட்டையொட்டிய தென்னந்தோப்பில் பச்சை நிழல்வலை கட்டி நடத்துகிறார்கள். வேலை செய்வது அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்களில் மூத்தவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். தமிழ் அவருக்கு அம்மா வீட்டுப் பேச்சு. அவர் என்னைத் தம்பி என்றும் நான் அவரை அக்கா என்றும் கூப்பிட, அன்று முழுக்க அவர் பின்னாலேயே நடந்தேன்.

புரட்டாசி முடியப்போகும் நேரம். மலையாளக் கணக்கில் கன்னி மாசத்துக் கடைசி. இடவப்பாதி மழை ஓய்ந்து, துலா மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பகலில் சுள்ளென்ற வெயில், விடியலில் லேசான குளுமை. மழைக்காலம் முழுக்க நிழல்வலைக்கு மேல் பாலிதீன் தாள் போட்டு வைத்திருந்தார்களாம். ஹோயா காட்டில் மரத்தின் மேல் தொற்றி வளர்வது. அதன் வேருக்குக் காற்று வேண்டும், சதா ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். அதனால்தான் தொட்டிக்குள் மண்ணே இல்லை. தென்னை மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, கொஞ்சம் மட்கிய சாணம், அவ்வளவுதான். தொட்டிகளும் சின்னவை. பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் காயாது, செடியும் வேர் பரப்புவதிலேயே காலத்தைக் கழிக்கும் என்றார் அக்கா.

அன்றைய வேலை தொட்டிகளை இடம் மாற்றுவது. நடு வரிசையில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, காலை வெயில் சாய்வாக விழும் கிழக்கு ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஹோயா பூக்காததற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவுதான். நிழற்செடி என்று சொல்லி விற்பதால் பலர் அதை வீட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். அங்கே அது சாகாது, பூக்கவும் செய்யாது. எவ்வளவு வெயில் போதும் என்பதற்கு இவர்கள் கருவி எதுவும் வைத்திருக்கவில்லை, இலையைத்தான் பார்க்கிறார்கள். இலை லேசாகச் சிவப்போடினால் சரியான வெயில். வெளிறி மஞ்சளானால் அதிகம். கரும்பச்சையாகக் கொழுத்து நின்றால் போதவில்லை.

தண்ணீரும் இலையைப் பார்த்துத்தான். அக்கா ஒரு முதிர்ந்த இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல வளைத்தார். விறைப்பாக நின்றது. "இன்னும் ரெண்டு நாளு போகட்டும்" என்று அடுத்த தொட்டிக்குப் போனார். அங்கே இலை துவண்டு மடங்கிக்கொடுத்தது, அதற்கு மட்டும் தண்ணீர். பூவுக்குமுன் இப்படிக் காயப்போடுவது இவர்கள் வழக்கம். அதோடு, கடலைப்பிண்ணாக்குக் கரைசலை ஆவணியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாகவே போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்துத் தெளிக்கிறார்கள். ஆனால் மொட்டு கண்ணில் பட்ட பிறகு காயவிடக் கூடாது, தொட்டியை நகர்த்தவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பூக்கும் நேரத்தில் அழகு பார்க்கச் செடியை முன்னறைக்குத் தூக்கிவருகிற வீடுகளில் நடப்பது இதுதான்.

எனக்கு அன்று மிக முக்கியமாகப் பட்டது ஒரு காம்பு. பழைய கொடி ஒன்றில், இலைக்கணுவுக்குப் பக்கத்தில், காய்ந்ததுபோல் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் யாருக்கும் கிள்ளி எறியத்தான் தோன்றும். அக்கா அதைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டினார். நுனியில் வரிவரியாகத் தழும்புகள். ஒவ்வொரு முறை பூங்கொத்து உதிரும்போதும் பூக்கள் விட்டுப்போன தடம் அது. அப்படி ஏறி ஏறியே காம்பு ஒரு விரற்கடை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. தழும்புகளுக்கு மேல், நுனியில், கடுகளவில் பச்சை மொட்டுகள் கூட்டமாக முளைத்திருந்தன.

"காஞ்ச குச்சின்னு நெனச்சு எல்லாரும் நறுக்கிப் போடறாங்க தம்பி. போன வருசம் பூத்த அதே எடத்துலதான் இந்த வருசமும் வரும். நறுக்கிட்டா அது புதுசா ஒண்ணு விடணும். அதுக்கு எத்தன நாளாகுமோ."

இலையே இல்லாமல் சாட்டைபோல் நீண்டுபோகும் இளங்கொடியையும் இவர்கள் வெட்டுவதில்லை. இலையும் பூக்காம்பும் பிறகு அதில்தான் வரும். அதைக் கம்பிவளையத்தில் சுற்றிவிடுகிறார்கள்.

பக்கத்துத் தொட்டியில் ஹோயா பூபிகேலிக்ஸ் பூத்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஐந்து இதழும் மெல்லிய ரோமத்தோடு இளஞ்சிவப்பில் விரிந்து, நடுவே கண்ணாடி மினுக்கோடு இன்னொரு சின்ன நட்சத்திரம். அதன் பள்ளங்களில் தேன் துளிகள். நம் வேலியோரத்து எருக்கம்பூவைப் பிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதாகவே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். கிள்ளினால் பால் வடிவதும் அந்த உறவால்தான். எருக்கிலும் அரளியிலும் அப்பும் மஞ்சள் அசுவினி இதன் மொட்டையும் தேடி வருகிறது. மருந்தடித்தால் மொட்டு கருகிவிடுமோ என்று பயந்து, அக்கா அதைக் கட்டைவிரலாலேயே வழித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். வாசனை பகலில் அவ்வளவாக இல்லை. இருட்டிய பிறகுதான் தூக்கும் என்றார்கள். வெள்ளைப் பூ விடும் ஹோயா லாக்குனோசாவில் மட்டும் பகலிலேயே பட்டை போட்டதுபோல் ஒரு மணம் இருந்தது.

நறுக்கும் மேசைக்கு வந்தபோதுதான் இந்தத் தொழிலின் சிக்கல் எனக்குப் புரிந்தது. பண்ணைக்குக் காசு வருவது கொடியை வெட்டுவதால்தான். இரண்டு கணு இருக்கும்படி துண்டு போட்டு, வடியும் பாலைத் தண்ணீரில் கழுவி, ஒரு கணு உள்ளே புதையும்படி தென்னைநார்க் கழிவில் நடுகிறார்கள். வேர்விட்டதும் ஈரப் பாசியில் சுற்றி, செய்தித்தாள் மடித்து, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாம். ஆனால் வெட்டிக்கொண்டே இருந்தால் தாய்க்கொடி பூக்கும் பருவத்துக்கே வராது. பூவை விட்டுவைத்தால் அந்த வருஷம் அந்தக் கொடியில் வருமானம் இல்லை. இந்தப் பண்ணையில் பூவுக்கு என்று தனி வரிசை வைத்து, அதில் கத்தரி படக் கூடாது என்று கட்டுப்பாடே வைத்திருக்கிறார்கள். பூத்த கொடியிலிருந்து எடுத்த துண்டு சீக்கிரம் பூக்கும் என்பதால் அதற்குத்தான் எப்போதும் கிராக்கி. எங்கே வெட்டலாம், எதை விட வேண்டும் என்று தீர்மானிப்பது அன்றாடக் கூலிக்கு வரும் இந்தப் பெண்களின் கண்தான். பெட்டியின் மேல் போவது பண்ணையின் பெயர். உள்ளே இருக்கும் செடியின் லத்தீன் பெயரைப் பிழையில்லாமல் சீட்டில் எழுதுகிற கை யாருடையது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

பெயர் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1810-இல் இந்தப் பேரினத்துக்கு ராபர்ட் பிரவுன் ஹோயா என்று பெயர் வைத்தது தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் நினைவாக. லண்டனையடுத்த சையன் மாளிகையில் நார்தம்பர்லாந்து பிரபுவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் ஒரு செடிக் கூட்டத்துக்கே நிலைத்தது எனக்கு நிறைவாக இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மரங்களில் தொற்றி வளர்ந்து வெள்ளையாகப் பூக்கும் ஹோயா வைட்டியை, கோவையில் பருத்தி ஆராய்ச்சி நடத்திய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரால் அழைக்கிறோம். வைட்டின் நூல்களுக்குச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்த தென்னிந்திய ஓவியர்கள் ருங்கையாவும் கோவிந்துவும். அவர்கள் பெயரும் மறக்கத் தக்கதல்ல.

திரும்பும்போது, இதய வடிவ இலை ஒன்றைத் தொட்டியில் குத்தி ஹோயா கெர்ரி என்று விற்பதைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கணு இல்லாத எலைக்கு வேரு மட்டும் விடும் தம்பி. வருசக்கணக்கா அப்படியே நிக்கும். கொடி எங்கருந்து வரும்?" அவர் சொன்னது சரி. காதலர் தினப் பரிசென்று அதை விற்பவர்கள், அது ஒருநாளும் படராது, பூக்காது என்று சேர்த்துச் சொல்லி விற்க வேண்டும். சொல்லாமல் விற்பது ஏமாற்று.

ஹோயா வாங்க நினைப்பவர்கள் கணுவோடு கூடிய, வேர்விட்ட கொடியையே வாங்குங்கள். பூத்த கொடிக்குப் பண்ணைக்காரர் கூடுதல் விலை சொன்னால் அதிகம் பேரம் பேசாதீர்கள். அந்தக் கொடியை வெட்டாமல் விட்டுவைத்த காலத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடி என்று தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து காலை வெயில் படும் இடத்தில் தொங்கவிட்ட பிறகு, காய்ந்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குச்சியை மட்டும் தயவுசெய்து நறுக்காதீர்கள்.